ரம்பம் வைப்பதற்கு முன்: பெரிய ரெசின் விமானமா, பிளாஸ்டிக்கா, பிரின்டா?

போன மாதம் ஒரு ராத்திரி பத்து மணிக்குப் பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, பெட்டி வந்துடுச்சு. அறுக்க ஆரம்பிச்சுடவா, இல்ல அப்படியே வித்துட்டு வேற வாங்கிடவா?"

பெட்டியில் இருப்பது ஹெச்எஃப்-24 மாருத் என்ற இந்தியப் போர் விமானத்தின் மாடல் கிட். 1/32 அளவு, அதாவது நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, முழுக்க முழுக்க ரெசின், அதாவது திரவமாக அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின், வெளிநாட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வார்த்தது. எட்டு மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருக்கிறான். "எதுலயாவது ரம்பம் வெச்சியா?" என்று கேட்டேன். இல்லை என்றான். "அப்ப ஞாயித்துக்கிழமை வரைக்கும் தொடாதே, நான் வர்றேன்" என்றேன்.

ரெசின் கிட்டில் ஒவ்வொரு பாகமும் தடித்த வார்ப்புக் கட்டையோடு ஒட்டிக்கொண்டேதான் வரும், பலாச்சுளையைச் சடையோடு கொடுப்பது மாதிரி. அந்தக் கட்டையை அறுத்த நிமிஷத்திலிருந்து விற்றவர் மாற்றித் தர மாட்டார், வாங்க வருகிறவரும் பாதி விலைக்குத்தான் கேட்பார். அதுவரை உங்கள் கையில் நாலு வழி இருக்கிறது. அறுத்த பிறகு ஒன்றுதான். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்த்துவிட்டு வந்து என்னிடம் இதே கேள்வியைக் கேட்டவர்களும் இருக்கிறார்கள், அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, அந்த விமானம் பிளாஸ்டிக்கில் வந்திருக்கிறதா என்பது. இதற்கு விடை தெரிந்தாலே பாதிப் பேருக்கு மீதியைப் படிக்க வேண்டியதில்லை. குர்ட் டாங்க் என்ற ஒரே மனிதர் வடிவமைத்த இரண்டு விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் அவர் வரைந்த ஃபோக்கே-வுல்ஃப் 190, 1/32 பிளாஸ்டிக்கில் எதை வாங்குவது என்று திணறும் அளவுக்குக் கிடைக்கிறது. அதே டாங்க் பெங்களூருக்கு வந்து ஹெச்ஏஎல் என்ற அரசு விமானத் தொழிற்சாலையில் வரைந்த மாருத் 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது, 147 கட்டினார்கள், 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் சண்டை போட்டது, ஆனால் 1/32 பிளாஸ்டிக்கில் என் கண்ணில் பட்டதே இல்லை. காரணம் எளிது. பிளாஸ்டிக் கிட்டுக்கு எஃகில் அச்சு வெட்ட வேண்டும், ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். ரெசினுக்குச் சிலிகான் ரப்பர் அச்சு போதும், நூறு பேர் வாங்கினாலே பட்டறைக்காரர் பிழைத்துக்கொள்வார். ஆனால் அந்த ரப்பர் அச்சு சில டஜன் வார்ப்புக்கு மேல் தாங்காது, ஓரம் கிழியும், விவரம் மழுங்கும். ஆக, ஒரே கிட்டை வாங்கிய இரண்டு பேருக்கு ஒரே தரம் வரும் என்று சொல்ல முடியாது. இணையத்தில் யாரோ அற்புதமாகக் கட்டியிருக்கிறார்கள் என்பது உங்கள் பெட்டிக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இரண்டாவது, உண்மையான விலை. கிட் விலை, கப்பல் கூலி, அப்புறம் சுங்கம். பொம்மைகளுக்கான சுங்கவரியை 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தினார்கள். பெட்டியை எந்த வகையில் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். நான் கிட் விலை அளவுக்கு இன்னொரு தொகையை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆர்டரே போடுவேன். மிச்சமானால் பெயின்ட் வாங்கலாம்.

மூன்றாவது, பாகங்கள் நேராகவும் சமமாகவும் இருக்கின்றனவா. நான்காவது எடை. ஐந்தாவது உங்கள் வீடு, அதாவது தூசியையும் நாற்றத்தையும் யார் சுவாசிக்கப் போகிறார்கள் என்பது. ஆறாவது, நம் ஊர் வெயிலும் ஐப்பசி கார்த்திகை ஈரமும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தக் கடைசி விஷயம் இருக்கவே இருக்காது.

முழு ரெசின் கிட்

ஞாயிற்றுக்கிழமை போனேன். தம்பி வீட்டுச் சமையலறை மேடை கிரானைட், அதைவிடச் சமமான பரப்பு ஒரு வீட்டில் கிடைக்காது. அம்மாவிடம் அனுமதி வாங்கி, துடைத்துவிட்டு, ஒவ்வொரு பாகமாக எடுத்து வைத்தோம்.

இறக்கையைப் படுக்க வைத்து, ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்டை உள்ளே தள்ளிப் பாருங்கள். கார்டு நுழையவில்லை என்றால் நேராக இருக்கிறது. தம்பியுடைய இடது இறக்கை அப்படியே படிந்தது. வலது இறக்கையின் நுனி நாலு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் ரெசினில் கோணல் பெரிய குற்றமில்லை. சூடான தண்ணீரில் முக்கினால் இளகும், நேராகப் பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் அப்படியே நின்றுவிடும். பாத்திரம் மட்டும் சமையலுக்குத் திரும்பப் போகாததாக இருக்கட்டும்.

அடுத்து நீளம். மாருத்தின் நிஜ நீளம் 15.87 மீட்டர், 32-ஆல் வகுத்தால் 49.6 சென்டிமீட்டர். இறக்கை விரிப்பு 9 மீட்டர், அது 28.1. டேப்பை வைத்தால் உடல் 49.2 தான் வந்தது. ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், அதுதான். நாலு மில்லிமீட்டர் குட்டையை ஷோகேஸில் வைத்த பிறகு எவன் கண்டுபிடிக்கப் போகிறான்? கண்டுபிடிப்பது வேறொன்று, இடது பாதியும் வலது பாதியும் வேறு வேறு அளவில் சுருங்கியிருப்பது. இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து மூக்கைச் சமன் செய்யுங்கள், வால் பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் உப்புத்தாள் போதும். இரண்டுக்கு மேல் போனால் உடலின் மேல் இருக்கும் கோடுகள் எல்லாம் தள்ளிப்போகும், ஒட்டிப் பட்டி பார்த்து மறுபடி கீற வேண்டியிருக்கும், அது ஒரு மாத வேலை.

கோணலையும் சுருக்கத்தையும் விட நான் பயப்படுவது இறக்கை உடலோடு சேரும் இடத்துக்குத்தான். மாஸ்கிங் டேப்பால் ஒட்டிப் பார்த்தோம். இடது பக்கம் சுகம். வலது பக்கத்தில் இறக்கை வந்து பொருந்தும் உடலின் திண்டு இறக்கையைவிட ஒரு மில்லிமீட்டர் தடியாக நின்றது. சுடுதண்ணீர் இதற்கு உதவாது. இழைக்க வேண்டும், அல்லது எம்-சீல் போட்டு ஏற்ற வேண்டும். செய்யக்கூடியதுதான், ஆனால் ஒட்டிய பிறகு கண்டுபிடித்திருந்தால் அழுதிருப்பான்.

அப்புறம் டியூப்லைட்டுக்கு எதிரே இறக்கையின் மெல்லிய ஓரத்தைப் பிடித்துப் பாருங்கள், உள்ளே மாட்டிய காற்றுக் குமிழ்கள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். மேலே தெரியும் ஓட்டையை அடைத்துவிடலாம். தோலுக்கு அடியில் இருப்பது நீங்கள் தேய்க்கும்போது திறந்துகொள்ளும், அதுவும் பெயின்டுக்கு முந்தின நாள் பார்த்துத்தான் திறக்கும்.

எடையைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. ரெசின் கனமான பொருள் என்று நினைக்கிறார்கள். பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் பொருளின் அடர்த்தியில் பெரிய வித்தியாசம் இல்லை, பிளாஸ்டிக் இறக்கை உள்ளே வெற்றிடம், ரெசின் இறக்கை முழுக்கட்டி, அவ்வளவுதான். மாருத்தில் பின்பக்கம் இரண்டு ஆர்ஃபியஸ் எஞ்சின்களின் குழாய், வால், எல்லாம் கட்டி. டேப்பால் ஒட்டிய விமானத்தைப் பின்சக்கரம் வரும் இடத்தில் ஒரு பென்சில் மேல் நிறுத்தினோம், உடனே வாலில் உட்கார்ந்துவிட்டது. விமானி அறை இருக்கும் இடத்தில் ஐந்து ரூபாய்க் காசுகளை ஒவ்வொன்றாக அடுக்கினோம். பன்னிரண்டாவது காசில் மூக்கு இறங்கியது. சமையலறைத் தராசில் வைத்தால் 72 கிராம். மூக்கு நுனியில் வைத்தால் இன்னும் குறைவாகவே போதும், மாருத்துக்குக் காற்று பக்கவாட்டில்தான் நுழைகிறது என்பதால் மூக்குக்குள் இடமும் இருக்கிறது.

ஆனால் காசுகளுக்குப் பதிலாக மூக்கில் வைக்கப்போகும் ஈயத்தையும் சேர்த்து மொத்தத்தையும் தாங்கப்போவது மூன்று குச்சிக் கால்கள். பெட்டியில் வந்த கால்கள் வெள்ளை உலோகம், நகத்தால் அழுத்தினாலே வளைகிற ஜாதி. ஆறு மாதத்தில் விமானம் நொண்டும். பித்தளைக் குழாயில் புதிதாகச் செய்ய வேண்டும், இல்லை ஒரு லேத் பட்டறை நண்பர் வேண்டும். இறக்கையை உடலோடு சேர்க்கவும் வெறும் பசை போதாது, சைக்கிள் ஸ்போக்கை வெட்டி உள்ளே ஊசியாக இறக்கி அரால்டைட் போடுங்கள். பிளாஸ்டிக் கிட் பசை ரெசினில் ஒட்டவே ஒட்டாது, அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிற சரக்கு. ஃபெவிக்விக் வகைப் பசை ஒட்டும், நம் ஊர் ஈரத்தில் யோசிப்பதற்குள் பிடித்தும் விடும். கண்ணாடி மூடி பக்கத்தில் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள், ஆவி படிந்து வெள்ளை பூத்துவிடும்.

மறைந்த செலவு என்றால் முதலில் உங்கள் நுரையீரல். ரெசின் தூசி மாவு போலப் பறக்கும், உள்ளே போனால் நல்லதல்ல. அறுப்பது, தேய்ப்பது எல்லாம் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில்தான், முகத்தில் என்-95. இரண்டு அறை வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள், பிள்ளை கொஞ்சம் வளரட்டும். வேலை தொடங்கும் முன் எல்லாப் பாகங்களையும் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவவும் வேண்டும். அச்சிலிருந்து கழற்றத் தடவிய எண்ணெய்ப்பசை மிச்சமிருந்தால் பெயின்ட் பின்னால் டேப்போடு தோலாக உரிந்து வரும்.

வெயில் விஷயத்தில் நான் சொந்தமாகச் சூடு பட்டவன். பல வருஷத்துக்கு முன் ஒரு ரெசின் விமானத்தைப் பாதியில் நிறுத்தி, மேல்மாடி வீட்டுப் பரணில், இரண்டு புத்தகத்துக்கு இடையே பாலம் மாதிரி வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். கத்திரி முடிந்து வந்து பார்த்தால் இரண்டு இறக்கையும் நனைந்த காகம் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. ரெசின் கிட் பீரோவின் அடித்தட்டில், முழுப் பரப்பும் படிய, படுத்த நிலையில்தான் இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் கிட், கூடக் கொஞ்சம் ரெசின்

உங்களுக்குக் குறிப்பிட்ட ஒரு விமானம்தான் என்ற பிடிவாதம் இல்லை, பெரிதாக ஒன்று கட்ட வேண்டும், இந்திய விமானப்படை வண்ணத்தில் இருக்க வேண்டும் என்றால் இதுதான் வழி. ரெவெல் 1/32 ஹன்டர் இருக்கிறது. 1957-இலிருந்து நம்மிடம் பறந்த விமானம், 1971-இல் லோங்கேவாலாவில் டாங்குகளை அடித்தது அதுதான். கட்டினால் 43 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் வரும், மாருத்துக்குப் பக்கத்தில் வைத்தால் குறையாகத் தெரியாது. ட்ரம்பெட்டர் மிக்-21 இருக்கிறது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் அதற்கு விடைகொடுத்த பிறகு கேட்பவர்கள் அதிகம். பாகங்கள் தானாகவே போய்ச் சேரும் சுகத்தை ஒரு தடவை அனுபவிக்க வேண்டுமா, 2009-இல் வந்த டாமியா 1/32 ஸ்பிட்ஃபயர் மார்க் 9 கிட்டைக் கட்டிப் பாருங்கள். அதைக் கட்டிவிட்டு ரெசினுக்குப் போனால் சொகுசு பஸ்ஸிலிருந்து இறங்கி ஷேர் ஆட்டோ ஏறின மாதிரி இருக்கும்.

இதில் ரெசின் எங்கே வருகிறது என்றால் சின்னப் பாகங்களில். விமானி இருக்கை, சக்கரம், எஞ்சின் வாய். பெல்ட்டின் மடிப்பு, டயரின் பிதுக்கம் இதெல்லாம் ரெசினில் வருகிற அழகு எஃகு அச்சில் வராது, ஏனென்றால் ரப்பர் அச்சு வளைந்து கொடுத்துக் கழன்றுவிடும். சின்னதாக இருப்பதால் சுருக்கமும் கோணலும் தெரியாது. ரெசினின் நல்லதெல்லாம் கிடைக்கும், கெட்டது எதுவும் வராது.

மறைந்த செலவு ஆசைதான். கிட் ஒரு விலை. இருக்கை வாங்கினோம், சக்கரமும் வாங்கிவிடலாம், கப்பல் கூலி எப்படியும் ஒன்றுதானே, டீகாலும் (விமானத்தில் ஒட்டும் சின்னங்கள்) சேர்த்துப் போடலாம் என்று போய், முடிவில் கூட்டிப் பார்த்தால் முழு ரெசின் கிட்டின் விலை வந்து நிற்கும். எனக்கு இரண்டு தடவை ஆகியிருக்கிறது. இன்னொன்று, ரெசின் விமானி அறை முழுசாக வாங்கினால் அது உடலுக்குள் நுழையாது. உடலின் உட்சுவரை வெளிச்சம் தெரியும் வரை இழைத்தால்தான் நுழையும். முதல் முறை செய்பவர்கள் இருக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கும் மழைக்கும் பிளாஸ்டிக் பெரும்பாலும் அசையாது. பெயின்ட்தான் அசையும். அடைமழை நாளில் லாக்கர் பெயின்ட் அடித்தால் வெள்ளை பூக்கும், பெயின்ட் அடிக்கும் கம்ப்ரசரில் காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் நீர்ப்பொறியில் அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் இறக்க வேண்டும். ஆனால் அது மூன்று வழிக்கும் பொது.

ஃபைல் வாங்கி 3டி பிரின்ட் எடுப்பது

இதுவும் ரெசின்தான், ஆனால் வேறு ரெசின். வார்ப்பது இரண்டு திரவம் கலந்து இறுகுவது, இது ஒளி பட்டு இறுகுவது. ஃபைல் வாங்குகிறீர்கள், சுங்கம் கிடையாது, கப்பல் கூலி கிடையாது, ஒரு பாகம் கெட்டால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். பிரின்டர் இல்லாதவர்கள் ஊரில் பிரின்ட் எடுத்துத் தருபவர்களிடம் கொடுக்கலாம். கேட்கும்போது சொர்க்கம்.

வீட்டு பிரின்டரின் தட்டு சின்னது, அரை மீட்டர் உடலை நாலைந்து துண்டாக வெட்டித்தான் எடுக்க முடியும். ஒவ்வொரு வெட்டும் ஒரு தையல், ஒவ்வொரு தையலுக்கும் பட்டி. பிரின்ட் ஆகும்போது பாகத்தைப் பிடித்திருக்கும் தாங்கு குச்சிகள் நின்ற இடமெல்லாம் அம்மைத் தழும்பு. வளைவான பரப்பில் படிக்கட்டுக் கோடுகள், பிரைமர் அடித்த பிறகுதான் பல்லைக் காட்டும்.

இதில் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, உள்ளீடற்ற பாகங்களில் வடிகால் ஓட்டை இருக்கிறதா என்பது. ஓட்டை இல்லை என்றால் இறுகாத திரவம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். பெயின்ட் அடித்து, டீகால் ஒட்டி, ஷோகேஸில் வைத்து, எல்லோரும் பாராட்டிய பிறகு ஒரு நாள் வயிற்றில் விரிசல் விட்டுக் கசியும். கையில் எடுத்துப் பாருங்கள், பிசுபிசுப்பு இருந்தால் சரியாகக் கழுவவில்லை, சரியாக இறுகவும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்தாலே இறுகும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் அப்பளம் போல முறுக்கிக்கொள்ளும். அதுவும் வடாம் காயும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தொலைக்காதீர்கள், இறுகாத ரெசின் தோலில் படுவதே ஆகாது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

சாதாரணப் பிரின்ட் ரெசின் உடையும் குணம் கொண்டது, ஆகவே கால்களுக்கு உள்ளே கம்பி கட்டாயம். இது யாருக்கு நல்லது என்றால், வீட்டிலேயே பிரின்டர் இருப்பவருக்கு, அல்லது வார்ப்பு கிட் கிடைக்கவே கிடைக்காத விமானத்துக்கு. தரமான வார்ப்பு கிட் கைக்கு வந்துவிட்டவர் இதற்காக அதை விற்பதில் அர்த்தமில்லை.

கட்டாமலே விற்பது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. அறுக்காத, பாகம் குறையாத, அரிதான ரெசின் கிட்டுக்கு எப்போதும் ஆள் இருக்கும். ஒரே விஷயம், அதே விமானத்தைப் பெரிய கம்பெனி பிளாஸ்டிக்கில் அறிவித்த அன்றைக்கு உங்கள் பெட்டியின் மதிப்பு சரிந்துவிடும். விற்பதென்றால் இப்போதே விற்க வேண்டும். "ரிட்டையர் ஆனப்புறம் கட்டுவேன்" என்று அடுக்கி வைத்த பெட்டிகள் எத்தனை வீட்டில் கரையானுக்குப் போயிருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

அப்போ எனக்கு எது?

இதுவரை ஐந்து பிளாஸ்டிக் கிட்கூட முழுசாக முடிக்காதவர் முழு ரெசினைத் தொட வேண்டாம், ஹன்டரை வாங்குங்கள். அனுபவம் இருக்கிறது, ஆனால் தூசிக்கு ஒதுக்க ஒரு பால்கனிகூட இல்லை என்றாலும் ஹன்டர்தான். பிளாஸ்டிக்கில் வராத ஒரு விமானம் சின்ன வயதிலிருந்து மனதில் உட்கார்ந்திருக்கிறது, ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை என்பவருக்கு முழு ரெசின். ஆனால் கிரானைட் மேடை, விசிட்டிங் கார்டு, டேப், பென்சில், காசு, இந்தச் சோதனைகளைத் தாண்டிய பிறகுதான். உடல் பாதிகளோ இறக்கைத் திண்டோ இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் முரண்டினால், போட்டோ எடுத்து விற்றவருக்கு அன்றைக்கே அனுப்புங்கள். நல்ல பட்டறைக்காரர்கள் மாற்று வார்ப்பு அனுப்புவார்கள். போட்டோவில் கட்டை அறுபடாமல் இருக்க வேண்டும்.

தம்பியின் பெட்டி தேறியது, சுமாராக. வலது திண்டு ஒரு மில்லிமீட்டர், வெந்நீருக்கு ஒரு இறக்கை, தூக்கிப் போட வேண்டிய மூன்று கால். கட்டலாம் என்று சொன்னேன். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடித்துப் பெங்களூர் போய், ஹெச்ஏஎல் அருங்காட்சியகத்தில் நிற்கும் நிஜ மாருத்தின் கால்களை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், பித்தளையில் செய்ய அளவு வேண்டுமே. மூக்குக்கு ஈயம் வேண்டும், தூண்டில் ஈயக் குண்டுக்காக அடுத்த ஞாயிறு காலை காசிமேடு போகிறோம். "அப்படியே வஞ்சிரம் வாங்கிட்டு வாங்க" என்று அவன் அம்மா சொல்லிவிட்டார்கள், மேடையை இரண்டு மணி நேரம் ஆக்கிரமித்ததற்கு அது நியாயமான வாடகைதான்.